சக்கர நாற்காலியில் அமர்ந்து கைகளைத் திருத்திய மருத்துவர்: டாக்டர் மேரி வர்கீஸ்

வேலூர் என்றதும் நம்மில் வரலாறு படித்தவர்களுக்குக் கோட்டை நினைவுக்கு வரும். 1806ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சி நினைவுக்கு வரும். என் கொள்ளுத்தாத்தா அந்தப் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்துதான் கப்பலேறி வந்தார். அவர் கேமரன் மலையில் தேயிலைக் கன்று நட வந்தார் என்பதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த வேலூரைப் பற்றி நான் முதன்முதலாகப் படிக்க நேர்ந்தது வரலாற்று நூலில் அல்ல, என் பட்டப்படிப்புப் பாடத்தில். பாடத்தின் பெயர் தொழில்முறை சிகிச்சை. மலாயில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்பார்கள்.

இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில், "படிச்சு முடிச்சா எல்லாருக்கும் வேலை வாங்கிக் குடுப்பியா?" என்று கேட்கிறார்கள். 'தொழில்' என்ற சொல் செய்யும் குழப்பம் அது. இங்கே தொழில் என்பது சம்பளத்திற்குச் செய்யும் வேலை மட்டும் அன்று. ஒரு மனிதனின் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் அதில் அடங்கும். சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைவது, பிள்ளைக்குத் தலை வாருவது, கோயிலில் திருநீறு எடுத்து இட்டுக்கொள்வது எல்லாமே தொழில்தான். நோயாலோ விபத்தாலோ இவற்றை இழந்த ஒருவர் மீண்டும் இவற்றைச் செய்யக் கற்றுக்கொள்ள உதவுவதும், இவற்றைச் செய்வதன் மூலமாகவே கையும் காலும் தேறச் செய்வதும் இந்தத் துறையின் வேலை.

இந்தத் துறை பிறந்த கதையே கொஞ்சம் விந்தையானது. அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். காசநோயால் துன்பப்பட்டவர், உடலின் இடப்பக்கம் செயலிழந்தவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். நியூயார்க் மாநிலத்திலுள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் 1917இல் அவருடைய இல்லத்தில் சிலர் கூடித் தொடங்கிய சங்கத்திலிருந்துதான் இத்துறை முறையாக வளர்ந்தது. இந்தியாவிற்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டி என்ற பெயரில் பிறந்து, இந்தியரை மணந்து பம்பாயில் குடியேறிய அம்மையார். அங்கே 1950இல் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். நோயாளியாக இருந்த ஒருவரே வழிகாட்டியாக மாறுவது இத்துறையில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸின் கதையும் அப்படிப்பட்டதுதான்.

மேரி 1925ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் கொச்சியை அடுத்த செறாய் என்ற ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம், வசதியான குடும்பமும்கூட. தாய்மொழி மலையாளம். தமிழ்ப் பேரவையின் மலரில் மலையாளப் பெண்மணியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் வாழ்நாள் முழுதும் உழைத்தது தமிழ் மண்ணில். அவர் தொட்டுத் திருத்திய கைகளில் மிகப் பல வட ஆற்காட்டு உழவர்களின் கைகள், கூலித் தொழிலாளர்களின் கைகள். கப்பலேறாமல் இருந்திருந்தால் என் கொள்ளுத்தாத்தாவும் அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடும்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அதனுடன் சேர்ந்தது. மேரி சேர்ந்த அதே 1946இல் இன்னொருவரும் வேலூருக்கு வந்தார். அவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்பு தச்சு வேலையும் கட்டட வேலையும் முறையாகப் பயின்றவர். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

மேரி படித்து முடித்துப் பெண்கள் மருத்துவப் பிரிவில் பணியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1954ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களோடு வாகனத்தில் உல்லாசப் பயணம் போனார். வழியில் வாகனம் மைல்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்தது, கன்ன எலும்பு முறிந்தது. இவையெல்லாம் காலப்போக்கில் ஆறக்கூடியவை. ஆறாதது முதுகுத்தண்டில் பட்ட அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது அதே வேலூரில்தான். அதாவது அன்று இந்தியாவில் கிடைக்கக்கூடிய சிறந்த மருத்துவம் மேரியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அறுந்த தண்டுவட நரம்பை ஒட்டவைக்க அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. மாதக்கணக்கில் படுக்கை, அறுவை சிகிச்சைகள், மீண்டும் படுக்கை. மருத்துவராக இரண்டு ஆண்டுகள்கூட முழுதாகப் பணியாற்றாத ஒருவர், இனி மருத்துவர் அல்ல, நோயாளி மட்டுமே என்ற நிலை.

இந்த இடத்தில்தான் பால் பிராண்ட் வருகிறார். மேரியைத் தேற்றுவதற்கு அவர் கனிவான வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. வேலை கொடுத்தார். மகப்பேறு மருத்துவருக்கு நிற்க வேண்டும், ஓட வேண்டும், நள்ளிரவில் எழ வேண்டும். கை அறுவை சிகிச்சைக்கு அப்படியில்லை. நோயாளியின் கையை ஒரு மேசைமீது வைத்துவிட்டு, மருத்துவர் உட்கார்ந்தபடியே மணிக்கணக்கில் செய்யக்கூடிய நுண்ணிய வேலை அது. மேரிக்குக் கால்கள் போயிருந்தன; கைகள் அப்படியே இருந்தன. தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தும் வேலைக்கு அவரைப் பிராண்ட் அழைத்தார்.

அந்த வேலை என்னவென்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்த அன்று நான் நூலகத்தில் என் விரல்களையே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுநோயில் கை தானாக அழுகி விழுவதில்லை. மக்கள் காலங்காலமாக அப்படித்தான் நம்பினார்கள். கிருமி நரம்பைத்தான் தாக்குகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஒரு மின்சாரம் பாயுமே, அந்த நரம்பு கெட்டால் உள்ளங்கையில் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து நின்றுவிடும். இன்னொரு நரம்பும் கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கும் ஆற்றலை இழக்கும். கட்டைவிரல் எதிரே வராத கையால் ஊசியையும் பிடிக்க முடியாது, மண்வெட்டியையும் பிடிக்க முடியாது.

ஆனால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கும் வலுவான தசைகள் பெரும்பாலும் கெடுவதில்லை. நம் விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு தசைநார்கள் உள்ளன. கட்டைவிரல் நீங்கலாக. இரண்டில் ஒன்றைக் கடன் வாங்கினாலும் விரல் மடங்கும். ஆகவே மோதிரவிரலின் ஒரு தசைநாரை எடுத்து, தோலுக்கடியில் வேறு பாதையில் கொண்டுபோய்க் கட்டைவிரலில் தைக்கலாம். அதேபோல் இன்னொரு தசைநாரைக் கீறிப் பிரித்து மற்ற விரல்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். கிழிந்த வலையை நல்ல நூலால் பின்னுவது போன்றது இது.

சிக்கல் தையல் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் நோயாளியின் மூளைக்குத் தன் கையில் நடந்த மாற்றம் தெரியாது. கட்டைவிரலை அசை என்றால் ஒன்றும் நடக்காது. மோதிரவிரலை மடக்கு என்றால் கட்டைவிரல் நகரும்! அதைப் பார்த்து நோயாளி திகைப்பார், சிரிப்பார், சிலர் பயப்படுவார்கள். அதிலும் தொழுநோயாளிக்குக் கையில் உணர்ச்சி இல்லை. எதைத் தொட்டோம், எவ்வளவு அழுத்தினோம் என்று விரல் சொல்லாது. கண்தான் கைக்குப் பாடம் சொல்ல வேண்டும். குழந்தை பிடிக்கக் கற்றுக்கொள்வதைப்போல, வளர்ந்த உழவர் ஒருவர் தம் சொந்தக் கையை முதலிலிருந்து கற்க வேண்டும்.

எப்படிக் கற்பது? ஒரு நாளைக்கு நூறு முறை விரலை மடக்கு, நீட்டு என்று சொல்லலாம். சில நாள் செய்வார்கள், பிறகு அலுத்துப்போகும். பிராண்ட் தச்சர் என்று சொன்னேன் அல்லவா? 1951இல் பாகாயத்திலுள்ள கல்லூரி வளாகத்தில், கிராமத்துக் குடிசைகள் போன்ற சிறு வீடுகளோடு 'நவஜீவ நிலையம்' என்ற இடத்தை உருவாக்கினார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள்; மரப் பொம்மைகள் செய்தார்கள். திருத்திய கை உளியைப் பிடித்தது, இழைப்புளியைத் தள்ளியது, சாயம் பூசியது. கை தேறுவதும், பிழைப்புக்கு ஒரு தொழில் கிடைப்பதும் ஒரே வேலையில் நடந்தன. அங்கேதான் இன்னொன்றும் வெளிப்பட்டது. உணர்வில்லாத கையில் ஏற்படும் புண்கள் நோயால் வருபவை அல்ல, ஆணி குத்தியும் கைப்பிடி உராய்ந்தும் சூடு பட்டும் வருபவை என்பதை, அவர்கள் வேலை செய்யும்போது கூடவே இருந்து கவனித்துத்தான் கண்டுபிடித்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் அது தெரிய வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் வளர்க்கத் தொடங்கிய பூச்செடிகள்தாம் இன்று கோலாலம்பூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வாங்கும் நாற்றுப் பண்ணைகளாக நிற்கின்றன. செடி வாங்குவோரில் எத்தனை பேருக்கு அந்த வரலாறு தெரியும் என்று தெரியவில்லை.

இந்தக் கைகளுக்கிடையேதான் மேரி தம் சக்கர நாற்காலியுடன் வந்து அமர்ந்தார். ஒரு காட்சியை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்க்கிறேன். ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவர், வளைந்த விரல்களைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு மருத்துவருக்காகக் காத்திருக்கிறார். கதவு திறக்கிறது. வருவது முகத்தில் தழும்போடு, தாமே நடக்க முடியாத ஒரு மருத்துவர். அந்த நோயாளி என்ன நினைத்திருப்பார்? அறிவுரையாக ஒரு சொல்லும் தேவைப்பட்டிருக்காது.

மேரிக்கு இதில் இன்னொரு பாடமும் இருந்திருக்க வேண்டும். மோதிரவிரலைக் கொண்டு கட்டைவிரலை அசைக்கப் பழகுபவர்களுக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வற்ற ஒருவருக்கு வெறுமனே உட்காருவதே கற்க வேண்டிய கலை. நாற்காலியில் தாம் சாய்கிறோமா நிமிர்ந்திருக்கிறோமா என்று இடுப்பு சொல்லாது; கண்ணும் தோளும் அதைச் சொல்ல வேண்டும். கால்கள் செய்த வேலையைத் தோள்களும் கைகளும் ஏற்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து காருக்கு உடலைத் தூக்கி மாற்ற வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை எழுப்பிக்கொள்ளாவிட்டால் படுக்கைப்புண் வரும், அது உயிரையே எடுக்கும். இவற்றையெல்லாம் முறையாகச் சொல்லித்தரும் இடம் அன்றைய இந்தியாவில் இல்லை. 1950களின் பிற்பகுதியில் மேரி ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்று அங்கேதான் இவற்றைப் பழகினார். வேலூரில் அடுத்தவர் கைகளுக்குப் பயிற்சி தந்தவர், பெர்த்தில் தாமே பயிற்சி பெறும் நோயாளியானார்.

பெர்த்திலிருந்து அவர் திரும்பி வந்து கை அறுவை சிகிச்சையையே தொடர்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பெர்த்தில் தமக்குக் கிடைத்தது, வேலூருக்கு வரும் ஏழைக்குக் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். பனைமரத்திலிருந்து விழுந்தவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்து அடிபட்டவர், மாட்டுவண்டி கவிழ்ந்தவர் என்று முதுகுத்தண்டு முறிந்தவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினால் திண்ணையில் கிடந்து புண் வந்து இறந்தார்கள். ஆகவே மேரி உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்றார். அங்கே டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திவந்த மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் பயின்றார்.

ரஸ்க்கைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜெஃபர்சன் பாரக்ஸ் என்ற ராணுவ முகாமின் மருத்துவமனையில் வீரர்கள் வேலையின்றிப் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுடைய படுக்கைகளுக்கு மேலே கூரையிலிருந்து விமானங்களின் சிறு மாதிரிகளைக் கயிற்றில் தொங்கவிட்டார் ரஸ்க். எது நம் விமானம், எது எதிரி விமானம் என்று படுத்தபடியே படிக்க ஏற்பாடு. படுத்திருக்கும் நேரமும் பயிற்சி நேரமாகிவிட்டது. நோய் தணிந்த பிறகும் மனிதனைச் சும்மா விட்டுவிடுவது சிகிச்சையாகாது என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

மேரி ஊர் திரும்பி, 1963இல் வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியுடன் இந்தியாவில் இயங்கிய முதல் துறை அது. 1966இல் பாகாயத்தில் தனி மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இடையில் 1963இலேயே அமெரிக்க எழுத்தாளர் டொரத்தி கிளார்க் வில்சன் அவருடைய வாழ்க்கையை 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்ற நூலாக எழுதி வெளியிட்டுவிட்டார். அவருடைய பெரும்பணி தொடங்கும் நேரத்திலேயே வாழ்க்கை வரலாறு முடிந்துவிட்டது! அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விபத்தையும் அறுவை சிகிச்சையையும் பேசுகிறார்கள். அதன்பின் அவர் கட்டிய துறையைப் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பின்பகுதிதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு துணிச்சலான பெண்ணாக இருப்பது ஒன்று. தாம் இல்லாவிட்டாலும் நடக்கும் ஒரு நிலையத்தை விட்டுச்செல்வது வேறொன்று.

பெர்த்திலும் நியூயார்க்கிலும் கற்றதை அப்படியே வேலூரில் வைத்தால் வேலைக்காகாது. மேல்நாட்டு நோயாளி வழவழப்பான தரையில் நாற்காலியை உருட்டுவார், மேசையில் உண்பார். வட ஆற்காட்டு விவசாயி வரப்பில் போக வேண்டும், தரையில் அமர்ந்து உண்ண வேண்டும், குந்தி அமர்ந்து மலங்கழிக்க வேண்டும். எந்தச் செயலுக்காகக் கையும் உடலும் பழகுகின்றனவோ அந்தச் செயல் அவரவர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. எதிரே ஒன்றும் இல்லாமல் கையை நீட்டு என்றால் ஒருவர் நீட்டும் விதம் வேறு. எதிரே ஒரு கோப்பையை வைத்து அதை எடு என்றால் அதே கை நீளும் விதம் வேறு. பக்கவாதம் வந்தவர்களிடமும் பொருளை வைத்துச் செய்யும்போது அசைவு சீராகவும் தயக்கமின்றியும் அமைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1920களிலேயே ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், கைதேர்ந்த கொல்லர்கள் சுத்தியலால் அடிப்பதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவு ஒவ்வோர் அடிக்கும் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் சுத்தியலின் முனை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. மூளை தசைகளை ஒவ்வொன்றாக ஏவுவதில்லை, இலக்கை நோக்கியே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கொல்லர்களைப் பற்றி விரிவுரைஞர் சொன்னபோது எனக்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். கேமரன் மலையில் இப்போது பெரும்பாலும் இயந்திரத்தாலும் கத்தரியாலும்தான் கொழுந்து அறுக்கிறார்கள். வேலையாட்களில் பலர் வெளிநாட்டவர். என் பாட்டி காலத்தில் கைதான். சரிவான நிலம், பனி, இடுப்புயரச் செடி, முதுகில் கூடை. இரண்டு இலையும் ஓர் அரும்பும் மட்டும் வேண்டும். முற்றல் இலை கலந்தால் கங்காணி கூடையைக் கவிழ்ப்பார். ஒவ்வொரு செடியின் உயரமும் வேறு, ஒவ்வொரு தளிரும் நிற்கும் கோணம் வேறு. ஆனால் இரண்டு கையும் கண்ணை எதிர்பாராமல் சரியான தளிரில் போய் விழும். பள்ளிக்கூடம் போகாத என் பாட்டியிடம் பெர்ன்ஸ்டைன் படம்பிடித்த வித்தை இருந்தது.

நான் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படித்தபோது பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. மருத்துவமனையில் பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். பாட்டி ஐந்து அடுக்குவார், பிறகு சன்னலைப் பார்ப்பார். எதற்கு அடுக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. சொல்லிப் பார்த்தோம், தலையாட்டினார், அடுக்கவில்லை. பயிற்சியாளர் அக்கா ஒருநாள் என் அத்தையிடம் பாட்டி என்ன வேலை செய்தவர் என்று விசாரித்தார். மறுவாரம் கூம்புகளை எடுத்து வைத்துவிட்டு ஒரு கட்டுக் கீரையைக் கொண்டுவந்து வைத்தார். ஆய்ந்து தரும்படி கேட்டார். பாட்டி முதலில் அந்தக் கீரையின் முற்றலைக் குறை சொன்னார். பிறகு இடக்கையால் தண்டைப் பிடித்து, வலக்கையால் ஓர் இலையைப் பறிக்க முயன்றார். விரல் நழுவியது. மீண்டும் முயன்றார். அரைமணி நேரம் கழித்து நாங்கள்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

வலக்கை முழுதாகத் திரும்பிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். திரும்பவில்லை. நுண்ணிய வேலைகளில் இன்றும் தடுமாற்றம் உண்டு. ஆனால் கீரை ஆய்வார், வெங்காயம் உரிப்பார், தலையைத் தாமே முடிந்துகொள்வார். எஸ்.டி.பி.எம். முடித்தபோது எந்தத் துறை என்று நான் அதிகம் யோசிக்கவில்லை.

தோட்டப்புறத்தில் கை போவது கையோடு நிற்பதில்லை. வீடு பெரும்பாலும் வேலையைச் சார்ந்தது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு வந்திருக்கிறது. மருத்துவமனைகளோ மலைக்குக் கீழே, வளைந்து வளைந்து இறங்கும் சாலைக்கு அப்பால். வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு வரச் சொன்னால் அது இரண்டு நாள் கூலி. இந்தக் கணக்கு மேரிக்கும் வேலூரில் எதிர்ப்பட்ட கணக்குதான். நோயாளி வந்து போவதைவிடச் சில வாரங்கள் தங்கிப் பழகுவது, குடும்பத்தில் ஒருவரும் கூடவே இருந்து தூக்குவதையும் திருப்புவதையும் புண் வராமல் பார்ப்பதையும் கற்றுக்கொள்வது, ஊர் திரும்பிய பிறகு செய்யப்போகும் வேலையை இங்கேயே பழகிப் பார்ப்பது என்று பாகாயம் நிலையத்தின் முறை அமைந்ததற்குக் காரணம் ஏழ்மைதான் என்று நான் கருதுகிறேன். ஆண்டுக்கொருமுறை பழைய நோயாளிகளை மீண்டும் அழைத்து விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் மருத்துவப் பரிசோதனையுமாக 'மறுவாழ்வு மேளா' நடத்தும் வழக்கமும் அங்கே உண்டு. சக்கர நாற்காலிப் பந்தயம் பார்க்கத் தனிக் கூட்டமே சேருமாம்.

இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 61ஆம் வயதில் டாக்டர் மேரி வர்கீஸ் காலமானார். கணக்குப் பார்த்தால், அவர் நடந்து வாழ்ந்தது 28 ஆண்டுகள். சக்கர நாற்காலியில் வாழ்ந்தது ஏறத்தாழ 33 ஆண்டுகள். அவருடைய பெயரில் அமைந்த அறக்கட்டளை ஊனமுற்றோருக்குத் தொழிற்பயிற்சி அளித்துவருகிறது. வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழில்முறை சிகிச்சைக்கென்று தனிப் பட்டப்படிப்பும் நடக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களும் கோப்பையை எடு, கீரையை ஆய் என்று யாரோ ஒருவரிடம் இந்நேரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.